ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா: பார்க்க வேண்டிய இடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோட்டன் சமவெளி எங்கே இருக்கிறது? அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

இலங்கையின் மத்திய மலைநாட்டின் தென் ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரையான உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த இந்தப் பூங்காவின் பரப்பு 3,160 ஹெக்டயர். 1969-ல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 1988-ல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2010-ல் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்களத்தில் இதனை மகா எலிய என்பர். பெருவெளி என்று பொருள் கொள்ளலாம். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டன் என்பவரின் பெயரைப் பிரித்தானியர் இதற்குச் சூட்டினர். பழைய பெயரே நிலத்துக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஏனெனில் "சமவெளி" என்ற சொல்லை நம்பி வருபவர், ஏற்றமும் இறக்கமுமாக அலையடிக்கும் புல்மேடுகளைக் கண்டு சற்றுத் திகைத்துத்தான் போவார்.

அங்கே பார்க்க என்னென்ன உண்டு?

பெரும்பாலானோர் வருவது ஒரு வட்டப் பாதையை நடந்து முடிப்பதற்காகவே. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தப் பாதை, ஃபார் இன் என்னும் பழைய கட்டடத்தின் அருகே தொடங்கி, சின்ன உலக முடிவு, உலக முடிவு என்னும் இரண்டு செங்குத்து மலைவிளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்று இடங்களைத் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. இம்மூன்றுக்கும் இடையில் புல்வெளி, முகில்காடு, ஓடைகள், நீர்த்தடாகங்கள் எல்லாம் வந்து போகின்றன. வட்டப் பாதைக்கு வெளியே தொட்டுபொலகந்த, கிரிகல்பொத்த என்னும் இரண்டு மலையுச்சிகள் இருக்கின்றன. பறவைகளைத் தேடி வருபவர்கள் பட்டிப்பொலப் பாதையோரத்திலுள்ள அரங்கா குளத்தருகே விடியும் முன்பே வந்து காத்திருப்பார்கள்.

எத்தனை மணிக்கு உள்ளே போக வேண்டும்? ஏன் எல்லாரும் விடியற்காலை என்றே சொல்கிறார்கள்?

நுழைவாயில் காலை 6 மணியளவில் திறக்கும். திறக்கும்போதே அங்கே நிற்பது நல்லது. இந்தப் பூங்காவைப் பற்றிய மற்ற எல்லா ஆலோசனைகளையும் மறந்துவிட்டாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

காரணம் எளிது. உலக முடிவு என்பது மேட்டுநிலத்தின் தென் விளிம்பு. அதற்குக் கீழே வெப்பமான தாழ்நிலம் இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேலெழுகிறது. குளிர்ந்த உயரத்தை அடைந்ததும் அதிலுள்ள நீராவி முகிலாகத் திரள்கிறது. பல நாட்களில் காலை 9 அல்லது 10 மணிக்குள் விளிம்பின் முன்னால் ஒரு வெள்ளைத் திரை தொங்கிவிடும். அதன் பிறகு அது விலகுமா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் முதல்முறை போனபோது வழியில் தேநீருக்கும் படமெடுப்பதற்கும் நேரம் செலவழித்துவிட்டு, பத்தரை மணிக்கு விளிம்பில் நின்று வெண்மையைத் தவிர வேறொன்றையும் காணாமல் திரும்பினேன். நுவரெலியாவிலிருந்து பூங்காவுக்கு 32 கிலோமீற்றர் தூரம் என்பதால், விடுதியிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

வட்டப் பாதையை எந்தத் திசையில் நடப்பது?

புறப்பட்ட சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சின்ன உலக முடிவுக்கும் மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் போகும். மேலே சொன்ன முகில் கணக்கின்படி, விளிம்புகளை முதலில் பார்த்துவிட்டு நீர்வீழ்ச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்வதே அறிவு. நீர்வீழ்ச்சி எந்த நேரத்திலும் அங்கேதான் இருக்கும். மூடுபனியிலும் அதற்கு அழகு குறைவதில்லை. முழுச் சுற்றுக்கும் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். வேகமாக நடப்பவர்கள் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாகப் பெருமை சொல்வதுண்டு. அப்படி ஓடுவதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

சின்ன உலக முடிவுக்கும் உலக முடிவுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றைப் பார்த்தால் போதாதா?

இரண்டும் ஒரே மலைச்சுவரின் வெவ்வேறு இடங்கள். முதலில் வரும் சின்ன உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 300 மீற்றர். அங்கிருந்து புல்வெளியும் மரநிழலும் மாறி மாறி வரும் பாதையில் சிறிது தூரம் நடந்தால் பெரிய விளிம்பு வரும். அதன் செங்குத்து ஆழம் 870 மீற்றர் அளவில் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1,200 மீற்றர் என்று எழுதுபவர்களும் உண்டு. எண் எதுவானாலும், காலடிக்கு நேர்கீழே நொன்பெரயல் தேயிலைத் தோட்டத்தின் லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும் வளைந்து செல்லும் பாதையும் தீப்பெட்டியும் நூலும்போலத் தெரியும்போது ஆழம் தானாகவே புரிந்துவிடும். அதற்கப்பால் தாழ்நிலம் நீலம் பாரித்து விரிகிறது. உடவளவை நீர்த்தேக்கத்தின் பளபளப்பை அடையாளம் காணலாம். மழை பெய்து ஓய்ந்து காற்றில் தூசி அடங்கிய காலைகளில், 80 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தென்கடலின் கோடும் தெரியும் என்பார்கள்.

சின்னதைப் பலர் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் அது தவறு. பெரிய விளிம்பில் கூட்டம் சேரும். சின்னதில் அநேகமாக நீங்களும் காற்றும் மட்டுமே இருப்பீர்கள். எதிரே இறங்கும் மலைச்சரிவின் காடும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது.

விளிம்பில் நிற்பது ஆபத்தா?

ஆம். பாறை ஈரமாக இருக்கும் நாட்கள் அதிகம். காற்றும் திடீரென்று தள்ளும். 2015-ல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்திருந்த ஒருவர், மனைவியைப் படமெடுப்பதற்காகப் பின்னோக்கி அடியெடுத்து வைத்தபோது உலக முடிவிலிருந்து விழுந்தார். சில பத்து மீற்றர் கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் பிழைத்தார். படையினர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டனர். எல்லாருக்கும் அப்படி ஒரு மரம் வாய்ப்பதில்லை. கைப்பேசித் திரையைப் பார்த்தபடி நகராதீர்கள்; பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சியில் குளிக்கலாமா?

குளிக்க அனுமதியில்லை. ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து பெலிஹுல் ஓயா பல கிளைகளாகப் பிரிந்து கரும்பாறைமேல் விழும் இடம் இது. விழும் நீரின் வேகமும், வழுக்குப் பாறையும், உடலை விறைக்கச் செய்யும் குளிரும் சேர்ந்து அந்தத் தடாகத்தை ஆபத்தானதாக்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி, பண்ணை நடத்தி, இந்தப் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடித் திரிந்த சாமுவேல் பேக்கரின் பெயரால் இது வழங்குகிறது. பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவரும் அவரே.

பாதையிலிருந்து பார்வையிடும் இடத்துக்கு இறங்கும் வழி செங்குத்தானது. மழைநாளில் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும். அருவியைச் சூழ்ந்து பன்னங்களும், பருவத்தில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் மகரத்மல் மரங்களும் இருக்கின்றன. இந்த ஓடை பின்னர் வளவை கங்கையில் சேர்கிறது. அதாவது, சற்று முன்பு உலக முடிவிலிருந்து தொலைவில் நீங்கள் பார்த்த உடவளவை நீர்த்தேக்கத்துக்குத்தான், இப்போது காலடியில் விழும் இந்த நீரும் போய்ச்சேர இருக்கிறது.

இங்கிருந்து எத்தனை ஆறுகள் பிறக்கின்றன?

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளின் தலையூற்றுகள் இந்த மேட்டுநிலத்தில் இருக்கின்றன. திருகோணமலைக்கருகே கடலில் கலக்கும் நீரும், கொழும்புக்கருகே கலக்கும் நீரும், தெற்கே அம்பலாந்தோட்டையில் கலக்கும் நீரும் ஒரே புல்மேட்டின் வெவ்வேறு சரிவுகளிலிருந்து கிளம்புகின்றன. முகில் மரங்களில் படிந்து சொட்டும் நீரையும் மழைநீரையும் கறுப்பு மண் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகிறது. தேயிலைக்காகக் காடுகள் அழிக்கப்பட்ட காலத்திலும் இந்தப் பகுதி தப்பியதற்கு இந்த நீர்வளமே காரணம். 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் பிரித்தானிய அரசுக்குக் கூறிய ஆலோசனை ஏற்கப்பட்டு, நிர்வாக ஆணையும் பிறந்தது.

அந்தப் பரந்த புல்வெளி இயற்கையானதா? நடுவில் ஏன் மரங்கள் இல்லை?

மலைநாட்டுத் தமிழில் இத்தகைய புல்வெளிக்குப் பத்தனை என்று பெயர். அக்கரப்பத்தனை போன்ற ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் இன்றும் வாழ்கிறது. மேடுகளின் சரிவில் குட்டையான, முறுகிய மரங்கள் அடர்ந்த காடும், தாழ்வான இடங்களில் புல்லும் என்று நிலம் பிரிந்திருப்பதைக் காண்பீர்கள். ஓடைக்கரைகளில் குட்டை மூங்கில் புதர்கள் நிற்கும். நீலகிரியிலோ மூணாற்றுப் பக்கத்திலோ சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகவே தோன்றும். தாழ்ந்த இடங்களில் குளிர்காற்று இரவில் வடிந்து தேங்குவதால் உறைபனி விழுந்து மரக்கன்றுகள் கருகுகின்றன. ஈரம் மிகுந்த மண்ணும், பழங்காலந்தொட்டு மூண்ட தீயும், மேயும் விலங்குகளும் சேர்ந்து புல்லைப் புல்லாகவே வைத்திருக்கின்றன.

காட்டோரத்தில் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன மரங்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துத் தீ விபத்தா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தீயால் எரிந்தவையல்ல. நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து மரங்கள் மடியும் நோய்போன்ற நிலை இங்கே பல பத்தாண்டுகளாக நிலவுகிறது. கீன மரங்கள் அதற்கு அதிகமாக இரையாகியிருக்கின்றன. ஃபார் இன் பக்கத்தில் மஞ்சள் பூக்களுடன் நிற்கும் முட்புதரைக் கண்டு மகிழ்ந்து படமெடுப்பவர்களும் உண்டு. அது ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே பரவிய களை. உள்ளூர்ப் புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

குறிஞ்சி இங்கும் பூக்குமா?

குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடிகள் பல இங்கே காட்டின் கீழடுக்கில் அடர்ந்து வளர்கின்றன; சிங்களத்தில் அவற்றை நெலு என்பர். அவற்றுள் சில, ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, ஒன்றாக மடிகின்றன. 2013-ல் அப்படிப் பூத்தபோது காட்டோரங்கள் ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறின. விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் பெருந்திரளாக வந்து சேரும். பழனிமலையிலும் நீலகிரியிலும் பூப்பது வேறு வகை. ஆனால் பன்னிரண்டாண்டுக் கணக்கு இரண்டுக்கும் பொது.

என்ன விலங்குகளைப் பார்க்கலாம்? சிறுத்தை தெரியுமா?

உறுதியாகப் பார்க்கக்கூடியது மரை என்னும் பெரிய மான். ஃபார் இன் அருகிலும் பாதையோரப் புல்வெளிகளிலும் அதிகாலையிலும் மாலையிலும் அவை மேயும். சில மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து மூக்கை நீட்டும்; அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள். பயணிகள் கொடுத்துப் பழக்கியதால்தான் அவை அப்படி வருகின்றன. உணவோடு பொலித்தீனையும் விழுங்கி மரைகள் செத்திருக்கின்றன. யானைகள் ஒருகாலத்தில் இங்கே இருந்து, 1940-களுக்குள் மறைந்துவிட்டன. சிறுத்தைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பார்ப்பது முற்றிலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வாய்ப்பு அதிகமுள்ளது விடிகாலையில் வாகனப் பாதையில்தான் என்பதால், நுழைவாயிலைக் கடந்ததும் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

சிறியவற்றின் பக்கம் கண்ணைத் திருப்பினால் பூங்கா இன்னும் செல்வம் மிக்கது. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அதைக் காண முடியாது. இலங்கைக்கே உரிய சீட்டிப்பூங்குருவியின் கீச்சொலி, பார்ப்பதற்கு முன்பே காதில் விழும். அழிந்துவிட்டது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்ட மலைநாட்டுத் தேவாங்கு ஒன்றின் படங்கள் 2010-ல் வெளியாகி உயிரியலாளர்களை வியப்பில் ஆழ்த்தின. இரவாடியாகையால் பகலில் நடந்துபோகும் நமக்கு அது தெரியப்போவதில்லை. ஓடைகளில் நீந்தும் ட்ரவுட் மீன்களோ உள்ளூர் வகையல்ல. தூண்டில் பொழுதுபோக்குக்காகப் பிரித்தானியர் கொண்டுவந்து விட்டவை.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, வானம் தெளிவு. அந்த மாதங்களில்தான் இரவுக் குளிரும் கடுமை. சராசரி வெப்பநிலையே 13 பாகை செல்சியசு அளவில் இருக்கும் இடத்தில், ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையும் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டமும் சேர்ந்து வருவதால் நுழைவாயிலிலேயே நீண்ட வரிசை நிற்கும். மழைக்காலத்தில் போகக் கூடாது என்றில்லை. காட்சி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற மனத்துடன் போக வேண்டும்.

எந்த வழியாகப் போவது?

நுவரெலியாவிலிருந்து வருபவர்கள் அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறுவார்கள். அம்பேவெலப் பால் பண்ணைகளின் பச்சை மேய்ச்சல் நிலமும் காற்றாலைகளும் இந்த வழியில் தெரியும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒஹிய வழி கிட்டியது. கொழும்பு–பதுளை புகையிரதப் பாதையில் பட்டிப்பொல, ஒஹிய இரண்டும் நிலையங்கள். பட்டிப்பொலவே நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம். ஒஹியவிலிருந்து பூங்காவின் நடுப்பகுதி ஏறத்தாழ 11 கிலோமீற்றர். அதை ஏறி நடந்து, பிறகு வட்டப் பாதையையும் நடப்பது எல்லாராலும் ஆகாது என்பதால் முச்சக்கர வண்டியோ வானோ பேசிக்கொள்வது நல்லது. புகையிரதத்தை மட்டும் நம்பினால் விடியற்காலையில் உள்ளே இருக்க முடியாது. முதல்நாளே வந்து தங்க வேண்டும். மூன்றாவதாக, அக்கரப்பத்தனைக்கு அப்பால் டயகம தேயிலைத் தோட்டங்களின் ஊடாக ஏறும் வழி ஒன்றும் உண்டு. அட்டன், தலவாக்கலைப் பக்கத்து மக்களுக்கு நன்கு தெரிந்த வழி அது. பாதையின் நிலையை அங்குள்ளவர்களிடமே கேட்டறிந்து கிளம்புங்கள்.

நுழைவாயிலில் பைகளை ஏன் சோதிக்கிறார்கள்?

பொலித்தீன், பிளாஸ்டிக் உறைகள், சிகரெட், மதுபானம் ஆகியவை உள்ளே போகாமல் தடுப்பதற்காக. பிஸ்கட்டின் உறையைப் பிரித்துக் கடதாசிப் பையில் மாற்றச் சொல்வார்கள்; தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் கிழித்துவிடுவார்கள். உணவை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு வந்தால் இந்த வேலை மிச்சம். அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போடவும் கூடாது. கட்டணம் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் பெரிதும் வேறுபடும். நுழைவுச்சீட்டோடு வாகனக் கட்டணமும் வரியும் சேரும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அவ்வப்போது கட்டணத்தை மாற்றுவதால், புறப்படும் முன் அப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கடை உண்டா? என்ன கொண்டுபோக வேண்டும்?

நடைபாதையில் கடையே கிடையாது. தண்ணீரும் காலை உணவும் கையோடு இருக்க வேண்டும். விடியலில் கம்பளிச் சட்டை தேவைப்படும். எட்டு மணிக்குப் பிறகு வெயில் உறைக்கும் என்பதால் தொப்பியும் வேண்டும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் செருப்பு உதவாது; அடிப்பிடி உள்ள சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். மழையங்கி எந்த மாதத்திலும் பையில் கிடக்கட்டும்.

முதியவர்களும் சிறு பிள்ளைகளும் வரலாமா?

ஒழுங்காக நடக்கக்கூடிய எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முழுச் சுற்றையும் முடித்துவிடுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நீர்வீழ்ச்சி இறக்கமும் இடையிடையே வரும் கல்லேற்றங்களும் சிரமம் தரும். இந்த உயரத்தில் சிலருக்கு மூச்சு சற்று வாங்கும் என்பதால் இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்க இயலாதவர்கள் வாகனத்திலேயே வந்து, ஃபார் இன்னில் உள்ள காட்சியகத்தைப் பார்த்து, சுற்றியுள்ள புல்வெளியில் மேயும் மரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். என் அத்தை அப்படித்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் களைத்துத் திரும்பியபோது எங்களைவிட அதிக விலங்குகளைப் பார்த்தவர் அவரே.

மலையுச்சிகளுக்கு ஏற முடியுமா?

முடியும். 2,357 மீற்றர் உயரமுள்ள தொட்டுபொலகந்த, பட்டிப்பொலப் பாதையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் ஏற்றம்தான். நாட்டின் மூன்றாவது உயரமான மலை அது. "தொட்டுபொல" என்றால் துறை என்று பொருள். இராவணனின் வானூர்தி வந்திறங்கிய துறை இதுவே என்பது இப்பகுதியின் வாய்மொழிக் கதை. இரண்டாவது உயரமான கிரிகல்பொத்தவோ, போக ஏழு, வர ஏழு கிலோமீற்றர் என்னும் முழுநாள் வேலை. சேறும் புதரும் வழியை மறைக்கும். தனியே போகாமல், நுழைவாயிலில் சொல்லிவிட்டு, வழி தெரிந்தவருடன் போவதே முறை. ஒரே நாளில் வட்டப் பாதையையும் அதையும் சேர்த்துத் திட்டமிடாதீர்கள்.

விளிம்புக்குப் போய்ச் சேரும்போது முகில் மூடியிருந்தால் என்ன செய்வது?

உடனே திரும்பாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காற்று மாறும்போது திரை சில நிமிடங்கள் கிழிந்து, கீழே ஒரு துண்டுத் தேயிலைத் தோட்டமும் ஒரு வளைவுப் பாதையும் தெரிந்து மறைவதுண்டு. அப்படியும் விலகவில்லையென்றால், நேரத்தை அங்கே வீணாக்காமல் காட்டுப் பகுதிக்குள் நடந்துவிடுங்கள். முறுகிய கிளைகளில் தொங்கும் பாசியும், அதன் நுனியில் சொட்டும் நீரும், பத்தடிக்கு அப்பால் கரைந்துபோகும் மரங்களுமாக முகில்காடு தன் இயல்பில் இருப்பது அந்த வேளையில்தான். பேக்கர் நீர்வீழ்ச்சியும் அப்போது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே காதில் விழத் தொடங்கிவிடும்.